பாவைக்கு வெயில் உறைப்பதில்லை

ஒரு பொருளுக்குப் பதிலாக அதன் மாதிரியை வைத்துக்கொண்டு காரியம் பார்ப்பது மனித சுபாவம். வரைபடம், பொம்மை, ஜாதகம், சமன்பாடு, நாவல் எல்லாமே ஏதோ ஒருவகையில் மாதிரிகள்தான். மாதிரி உண்மையா பொய்யா என்ற விவாதம் எனக்கு அலுத்துவிட்டது. மாதிரி என்று சொல்லும்போதே அது பொருளல்ல என்று ஒப்புக்கொண்டாகிவிட்டது. இதைக் கண்டுபிடிக்கத் தத்துவம் படிக்க வேண்டியதில்லை. என்னை உறுத்துகிற கேள்வி வேறு. தனக்குத் தெரியாத ஒன்றைப் பற்றிக் கேட்கப்படும்போது மாதிரி என்ன செய்கிறது? வாயை மூடிக்கொள்கிறதா, பதில் சொல்கிறதா? பதில் சொன்னால் அந்தப் பதிலுக்கு யார் பொறுப்பு? செய்தவனா, கேட்டவனா, இருவருக்கும் நடுவே அதை எடுத்துக் கொடுத்தவனா?

இலக்கியத்திலிருந்து உதாரணம் எடுத்து இதைப் பேச ஆரம்பித்தால் உடனே கட்சி பிரிந்துவிடும். யதார்த்தவாதம், ரூபவாதம் என்ற பழைய சண்டைகள் தூக்கம் கலைந்து எழுந்து உட்கார்ந்துவிடும். எனவே கட்சி எதுவும் ஏற்படாத ஓர் இடத்திலிருந்து தொடங்குகிறேன். கொல்லிமலையில், வாழவந்தி நாட்டில், செம்மேட்டில் இருந்துகொண்டு எழுதுகிறேன். என் மேஜையில் புத்தகங்களுக்குச் சமமாகச் சால்டரிங் இரும்பும் மின்சுற்றுகளும் கிடக்கின்றன. அவற்றில் நகம் அளவுள்ள ஒரு பொருள்தான் என் உதாரணம்.

ஆப்-ஆம்ப் என்று பெயர். இரண்டு கம்பிகளில் வரும் மின்னழுத்தங்களை ஒப்பிட்டு, அவற்றின் வித்தியாசத்தை மட்டும் பல ஆயிரம் மடங்கு பெருக்கிக் கொடுக்கும் சிறு சிப். தராசு, வெப்பமானி, இதயத் துடிப்பைப் படமாக வரையும் கருவி என்று எங்கெல்லாம் ஒரு மெல்லிய சமிக்ஞையைக் கேட்கக்கூடியதாக ஆக்க வேண்டுமோ, அங்கெல்லாம் பெரும்பாலும் இது இருக்கிறது. 1968இல் ஃபேர்சைல்டு கம்பெனியில் டேவ் ஃபுல்லகர் வடிவமைத்த 741, இந்த இனத்தில் மிகப் பிரசித்தமானது. அதற்குள் இருபதுக்கும் மேற்பட்ட டிரான்ஸிஸ்டர்கள்.

அதன் வாசலில் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இரண்டு டிரான்ஸிஸ்டர்கள் நிற்கின்றன. உஷ்ணம் ஒரு டிகிரி ஏறினால் ஒவ்வொன்றின் மின்னழுத்தமும் சுமார் இரண்டாயிரம் மைக்ரோவோல்ட் இறங்கும். ஆனால் இரண்டும் சேர்ந்தே இறங்குவதால் வித்தியாசம் பூஜ்யம். வித்தியாசத்தை மட்டுமே பெருக்குகிற சிப்புக்கு உஷ்ணம் தெரியவே தெரியாது. இது சித்தாந்தம். நடைமுறையில், ஒரே சிலிக்கன் துண்டில், ஒரே நாளில், பக்கத்தில் பக்கத்தில் செய்யப்பட்ட இரட்டையர்களும் முழுக்க ஒன்றாக இருப்பதில்லை. இரண்டாயிரத்தில் இரண்டாயிரம் போய் ஏதோ சில மைக்ரோவோல்ட் மிஞ்சுகிறது. அந்த மிச்சம்தான் உஷ்ணத்தோடு நகர்கிறது. இந்தக் கருவியின் மேன்மை முழுவதும் கழித்தலில் இருக்கிறது. அதன் பிழை முழுவதும் கழித்த பின் மிஞ்சியதில் இருக்கிறது.

1973இல் கலிஃபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பெடர்சனும் அவர் மாணவர் லாரன்ஸ் நாகலும் ஸ்பைஸ் என்ற கம்ப்யூட்டர் நிரலை வெளியிட்டார்கள். சுற்றை உண்மையில் கட்டாமலே, அது எப்படி நடந்துகொள்ளும் என்று கணக்கிட்டுச் சொல்லும் நிரல். கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார்கள். இன்று உலகில் மின்சுற்று வடிவமைக்கிற யாரும் அதன் வாரிசுகளில் ஒன்றைத் தொடாமல் இருக்க முடியாது. ஆனால் அன்றைய கம்ப்யூட்டருக்கு ஒரு 741ன் அத்தனை டிரான்ஸிஸ்டர்களையும், அதுவும் ஒரே சுற்றில் பத்து 741களை, கணக்கிடுவது பெரும் பாரம். எனவே 1974இல் பாயில், கோன், பெடர்சன், சாலமன் என்ற நால்வர் ஒரு சுருக்க மாதிரியைத் தந்தார்கள். வாசலில் நிற்கும் இரண்டு டிரான்ஸிஸ்டர்களையும் சில டையோடுகளையும் மட்டும் வைத்துக்கொண்டு, உள்ளே இருப்பதையெல்லாம் எடுத்துவிட்டு, அவை செய்யும் வேலையைச் செய்கிற கற்பனை மூலங்களை அங்கே வைத்தார்கள். வெளியே இருந்து பார்க்கிறவனுக்கு 741 போலவே நடக்கும். உள்ளே 741 இல்லை. கணக்கிடும் நேரம் பல மடங்கு குறைந்தது. மிகச் சாமர்த்தியமான, நேர்மையான வேலை. பின்னால் கம்பெனிகள் தம் சிப்புகளுக்குக் கொடுத்த மாதிரிகளில் கணிசமானவை இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

இந்த உலகத்தில் உஷ்ணம் எவ்வளவு? நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் ஸ்பைஸில் 27 டிகிரி. கெல்வினில் 300 என்று முழு எண்ணாக வருவது கணக்குக்கு வசதி. எந்த ஊரின் உஷ்ணம் இது? எந்த மாதம்? எல்லா இடத்திலும், எல்லா உறுப்புக்கும், எப்போதும் 27. கம்பெனியின் விவரத்தாள்கள் இன்னும் இரண்டு டிகிரி குளிரான அறையில் இருக்கின்றன: 25. அறை உஷ்ணம் என்று அதற்குப் பெயர். ஜன்னல் இல்லாத, காற்று அசையாத, யாரும் வந்து போகாத அறை.

அந்த எண்ணை மாற்றலாம். நிரலில் அதற்கு இடம் இருக்கிறது. 60 என்று எழுதினால் 60க்குக் கணக்கிடும். இங்கேதான் என் கேள்வி ஆரம்பமாகிறது. உஷ்ணத்தைப் பற்றி எதுவும் தெரியாத மாதிரியிடம் உஷ்ணத்தைப் பற்றிக் கேட்டால் என்ன நடக்கிறது?

இரண்டு விதமாக நடக்கிறது. சில மாதிரிகளில் வாசல் இரட்டையர்கள் முழுக்க ஒன்றாகவே செய்யப்பட்டிருப்பார்கள். நடைமுறைப் பிழைக்கு ஒரு நிரந்தர மின்னழுத்தத்தைத் தனியே ஒட்டியிருப்பார்கள். அங்கே உஷ்ணத்தை எவ்வளவு மாற்றினாலும் நகர்வு பூஜ்யம். நேர்க்கோடு. இது ஒரு மௌனம். ஆனால் தாளில் அது மௌனம் மாதிரி தெரிவதில்லை, ‘பிழை இல்லை’ என்ற பதில் மாதிரி தெரிகிறது. வேறு சில மாதிரிகளில் இரட்டையர்களுக்குள் ஒரு சிறு ஏற்றத்தாழ்வை வைத்துப் பிழையை உண்டாக்கியிருப்பார்கள். அங்கே உஷ்ணத்தை ஏற்றினால் கோடு சாய்கிறது. ஒரு மில்லிவோல்ட் பிழைக்கு, டிகிரிக்கு 3.3 மைக்ரோவோல்ட் என்று சுத்தமாகச் சாய்கிறது. பார்ப்பவனுக்குத் திருப்தி: இந்த மாதிரிக்கு உஷ்ணம் தெரிந்திருக்கிறது! ஆனால் அந்தச் சாய்வு, தனியாக நிற்கும் இரண்டு டிரான்ஸிஸ்டர்களின் சூத்திரத்திலிருந்து வந்தது. உண்மைச் சிப்பில் பிழையை உண்டாக்கும் மற்ற உறுப்புகள் மாதிரியில் இல்லை. அவற்றை எடுத்து எறிந்துதான் மாதிரியே செய்யப்பட்டது. மிஞ்சிய இரண்டு பேர், போன எல்லோருக்கும் சேர்த்துச் சாட்சி சொல்கிறார்கள்.

முதல் வகையைவிட இரண்டாவது வகை ஆபத்தானது என்று நினைக்கிறேன். நேர்க்கோட்டைப் பார்த்தால் அனுபவஸ்தனுக்குச் சந்தேகம் வரும். இயற்கையில் எதுவும் இவ்வளவு அடக்கமாக இருப்பதில்லை. சாயும் கோடு சந்தேகத்தைத் தூங்க வைக்கிறது. தவறான காரணத்திலிருந்து பிறந்த, நம்பத்தகுந்த எண். அது சில சமயம் சரியாகக்கூட இருந்துவிடலாம் என்பது அதன் கெடுதலை அதிகப்படுத்துகிறதே தவிரக் குறைப்பதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மலிவாகக் கிடைக்கும், எங்கும் பயன்படும் 358 என்ற ஆப்-ஆம்ப்பை எடுத்துக்கொள்வோம். அதன் நகர்வு சாதாரணமாக டிகிரிக்கு 7 மைக்ரோவோல்ட் என்று விவரத்தாள் சொல்கிறது. கே வகைத் தெர்மோகப்பிள் கம்பி, அளக்கப்படும் உஷ்ணத்தின் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 41 மைக்ரோவோல்ட் கொடுக்கும். இந்த இரண்டையும் சேர்த்துத் தடுப்பூசி மருந்து வைக்கும் குளிர்ப்பெட்டிக்கு ஒருவர் வெப்பமானி செய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சித்திரை மதியத்தில், காரவள்ளி அடிவாரத்தில், சரிபார்த்துப் பூஜ்யத்தில் நிறுத்துகிறார். வண்டி எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே வருகிறது. விடியற்காலை செம்மேட்டில் பெட்டி இருக்கும் அறையின் உஷ்ணம் அடிவாரத்து மதியத்தைவிட இருபது டிகிரி குறைவு என்று கொள்வோம். இருபதை ஏழால் பெருக்கினால் 140 மைக்ரோவோல்ட். தெர்மோகப்பிள் கணக்கில் அது சுமார் மூன்றரை டிகிரி. தடுப்பூசி மருந்துகள் பெரும்பாலும் 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் இடையே இருக்க வேண்டும். மொத்த இடமே ஆறு டிகிரி. அதில் பாதிக்கு மேல், பெட்டிக்குள் எதுவும் மாறாமலே, மலை ஏறியதால் மட்டும் போய்விட்டது. சில மருந்துகள் சூட்டில் வீணாகும், சில உறைந்தால் வீணாகும்; எந்தப் பக்கம் தவறினாலும் நஷ்டம்தான்.

எந்தப் பக்கம் தவறும் என்று யாராவது சொல்ல முடியுமா? முடியாது. விவரத்தாளில் 7 என்று இருக்கிறதே தவிர, கூட்டலா கழித்தலா என்று இல்லை. இருக்கவும் முடியாது. ஒரு சிப் மேலே நகரும், அதே பெட்டியிலிருந்து எடுத்த அடுத்த சிப் கீழே நகரும், மூன்றாவது அநேகமாக நகராமலே இருக்கும். இந்த நகர்வு 358 என்ற இனத்தின் குணமல்ல; இந்தக் குறிப்பிட்ட 358ன் குணம். இரட்டையர்களில் எவன் எவ்வளவு மாறுபட்டுப் பிறந்தான் என்பதைப் பொறுத்தது. மாதிரியோ இனத்தைப் பற்றியது. இனத்தைப் பற்றி எவ்வளவு நுணுக்கமாகச் சொன்னாலும் அதிலிருந்து இந்த ஒருவனுக்கு வந்து சேர முடியாது.

இதற்கு வல்லுநர்கள் ஒரு பரிகாரம் வைத்திருக்கிறார்கள். மான்டி கார்லோ என்ற முறையில், சின்னச் சின்ன ஏற்றத்தாழ்வுகளைத் தாயம் உருட்டுவதுபோல் தற்செயலாகக் கொடுத்து, ஆயிரம் கற்பனைச் சிப்புகளை உண்டாக்கி ஆயிரத்தையும் கணக்கிடுவார்கள். நல்ல முறைதான், ஆயிரத்தில் எத்தனை எல்லை மீறும் என்று அது சொல்லும். ஒரு கம்பெனிக்கு அந்தத் தகவல் போதும். ஆனால் அந்த ஆயிரத்தில் ஒன்றுகூட என் மேஜைமேல் இருக்கும் சிப் அல்ல. இந்தப் பெட்டியைத் திறந்து, இந்தக் குழந்தைக்கு ஊசி போடப் போகிறவளுக்கு ஆயிரத்தின் சராசரியால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

இன்னும் ஒன்று. நிரலில் உஷ்ணம் என்பது ஒற்றை எண். உண்மையில் உஷ்ணம் ஓர் எண்ணல்ல. அது ஒரு போக்குவரத்து. சிப்பின் வெளிவாசலில் மின்சாரம் அதிகம் ஓடினால் அங்கே சூடு பிறந்து, சிலிக்கன் வழியாக நடந்து, உள்வாசல் இரட்டையர்களிடம் போய்ச் சேர்கிறது. ஒருவனுக்கு முன்னால், மற்றவனுக்குச் சற்றுப் பின்னால். உடனே கழித்தல் கெடுகிறது. வெளியே, சிப்பின் காலும் பலகையின் தாமிரமும் வேறு வேறு உலோகமானால் ஒவ்வோர் இணைப்பும் தானே ஒரு தெர்மோகப்பிள். உலோகத் தொப்பி போட்ட பழைய சிப்புகளின் கால்கள் கோவார் என்ற கலவையால் ஆனவை. கோவாரும் தாமிரமும் சேருமிடத்தில் டிகிரிக்கு சுமார் 35 மைக்ரோவோல்ட். இரண்டு கால்களுக்கு நடுவே ஒரு டிகிரி வித்தியாசம் வர, ஜன்னல் வழியாக வரும் மலைக்காற்று போதும். இந்த 35 யாருடைய மாதிரியில் இருக்கிறது? சிப் செய்தவனுடையதில் இல்லை, அவன் சிப்பைத்தான் விற்கிறான். பலகை செய்தவனுடையதில் இல்லை, அவனுக்கு அது வெறும் கம்பி. இரண்டு மாதிரிகள் சேருமிடத்தில், இரண்டிலும் இல்லாமல், அது இருக்கிறது.

இதெல்லாம் 1974இல் தெரியாத விஷயங்களா? நன்றாகத் தெரியும். நான் மேலே சொன்ன நால்வரில் ஒருவரான ஜேம்ஸ் சாலமன், ஆப்-ஆம்ப்களைப் பற்றித் தனியாக ஒரு நீண்ட பயிற்சிக் கட்டுரை எழுதினார். சிப்புக்குள் சூடு வெளிவாசலிலிருந்து உள்வாசலுக்குத் திரும்பி வந்து பெருக்கத்தையே கெடுப்பதை அதில் விளக்கினார். சுருக்க மாதிரி வெளியானதும் அந்தக் கட்டுரை வெளியானதும் ஒரே ஆய்விதழின் ஒரே இதழில், 1974 டிசம்பரில். சில பக்கங்கள் இடைவெளி. செய்தவர்கள் எதையும் மறைக்கவில்லை. ஒரு கட்டுரையில் மாதிரியைக் கொடுத்தார்கள்; இன்னொன்றில் மாதிரிக்கு வெளியே இருப்பதைச் சொன்னார்கள். பிற்பாடு மாதிரி மட்டும் கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் பயணம் செய்தது. மற்றக் கட்டுரை நூலகத்திலேயே இருந்துவிட்டது.

பொறுப்பு எங்கே தவறுகிறது என்று கேட்டால் நான் இந்த இடத்தைத்தான் காட்டுவேன். சில கம்பெனிகள் தம் மாதிரிக் கோப்பின் தலைப்பில், உஷ்ண விளைவுகள் இதில் சேர்க்கப்படவில்லை என்று ஒரு வரி எழுதி வைக்கின்றன. நல்ல காரியம். ஆனால் அந்த வரி கணக்கில் சேராத குறிப்பு; நிரல் அதைத் தாண்டிப் போய்விடும். கேட்பவனுக்குக் கோடு வரும், குறிப்பு வராது. எச்சரிக்கை மனிதர்கள் படிக்கும் பாஷையில் இருக்கிறது, பதில் இயந்திரம் கொடுக்கும் பாஷையில் இருக்கிறது. இரண்டும் சந்திப்பதேயில்லை.

எங்கள் மலைக்கு ஒரு பாவை உண்டு. எழுபதுகளின் பின்பாதியில் அதன் பெயரில் ஒரு சிறுபத்திரிகையே வந்தது என்பதால் இதைப் படிப்பவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. மலையைக் காக்க ஒரு பெண்ணுருவைச் செய்து நிறுத்தினார்கள். அது சிரிக்கும், நடக்கும், மயங்கி அருகே வந்தவனைக் கொல்லும் என்பது கதை. நற்றிணை 201ஆம் பாட்டில் பரணர் இந்தப் பாவையைப் பற்றிச் சொல்வது எனக்கு எப்போதும் ஆச்சரியம். காற்று மோதினாலும், மழை வேகமாக அடித்தாலும், இடி சினந்து விழுந்தாலும், நிலமே ஆடினாலும் தன் உருவம் குலையாதது அது. அத்தனை இயற்கைச் சீற்றத்தையும் வரிசையாகச் சொல்லி, எதுவும் இதைத் தொடாது என்கிறார். அந்த வரிசையில் வெயிலைத் தனியாகச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. பாவைக்கு வெயில் உறைப்பதில்லை.

பாட்டில் இது குறையல்ல. தலைவன் மனத்தில் தங்கிவிட்ட ஒருத்தியின் உருவம் எதற்கும் அழியாது என்பதற்குத்தான் பாவை அங்கே வருகிறது. நினைவில் இருப்பவளுக்கு உஷ்ணம் தேவையில்லை. செம்மேட்டில் வல்வில் ஓரிக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். ஓரியின் முகத்தைப் பார்த்தவர் யாரும் இன்று இல்லை. அதனால் ஒருவருக்கும் கெடுதலில்லை, ஏனென்றால் ஓரி நேற்று எங்கே இருந்தான் என்று சிலையிடம் யாரும் கேட்கப் போவதில்லை. உருவம் மாறாதது அழகு. மாறாத உருவத்திடம் போய், மாறுவதைப் பற்றிக் கேட்டு, வந்த பதிலை நம்பி நடந்தால் அது கொல்கிறது. பாவையின் கதையில் செத்தவர்கள் சிலையைப் பார்த்ததற்காகச் சாகவில்லை. சிரிப்பை, உயிருள்ள ஒருத்தியின் சம்மதமாக எடுத்துக்கொண்டதற்காகச் செத்தார்கள். சாய்கிற கோடு எனக்கு அந்தச் சிரிப்பு மாதிரியே தோன்றுகிறது.

அப்படியானால் மாதிரியே வேண்டாமா? நேஷனல் செமிகண்டக்டர் கம்பெனியில் வேலை பார்த்த ராபர்ட் பீஸ் ஏறக்குறைய அந்தப் பக்கம் போனவர். ஸ்பைஸை நம்பாதே, சுற்றைக் கட்டிப் பார், அளந்து பார் என்று 2011இல் இறக்கும்வரை எழுதிக்கொண்டிருந்தார். அவர் கோபம் எனக்குப் பிடிக்கும். ஆனால் முழுக்க அவர் கட்சிக்குப் போக முடியவில்லை. கோடிக்கணக்கான டிரான்ஸிஸ்டர்கள் உள்ள சிப்பைக் கட்டிப் பார்த்து வடிவமைப்பது நடக்காத காரியம். உஷ்ண விளைவுகளைச் சேர்த்துச் செய்த நல்ல மாதிரிகளும் இப்போது வருகின்றன. ஒவ்வொரு நல்ல மாதிரியும் எல்லையைச் சற்றுத் தள்ளி வைக்கிறது. ஆனால் எல்லையை இல்லாமல் ஆக்குவதில்லை. எல்லை தள்ளிப் போகப் போக அது கண்ணுக்குத் தெரிவதும் குறைகிறது என்பதுதான் சங்கடம்.

நம் மண்ணிலேயே இதற்கு வேறொரு நடத்தை இருந்திருக்கிறது. 1802இல் வில்லியம் லாம்டன், பரங்கிமலை அருகே, பின்னால் இந்தியா முழுவதையும் அளக்கப்போகும் பணியின் முதல் அடிக்கோட்டை அளந்தார். நூறடி எஃகுச் சங்கிலி, ஏழரை மைல் தூரம், சித்திரை வெயில். எஃகு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் பன்னிரண்டு பங்கு வீதம் நீள்கிறது. பத்து டிகிரி மாறினால் அந்தத் தூரத்தில் ஒன்றரை மீட்டர் அளவுக்குப் பிழை வரும். லாம்டன் சங்கிலியை மரப் பெட்டிகளில் கிடத்தி, மேலே கூடாரத்தின் நிழலைப் போட்டு, பக்கத்தில் வெப்பமானிகளை வைத்தார். ஒவ்வொரு முறையும் நீளத்தோடு உஷ்ணத்தையும் எழுதி, ஒரே உஷ்ணத்துக்குத் திருத்திக் கணக்கிட்டார். அவருடைய சங்கிலியும் மாதிரிதான், அடி என்ற கருத்தின் மாதிரி. ஆனால் வெயில் தன்னைத் தொடும் என்று ஒப்புக்கொண்ட மாதிரி. எந்த ராஜ்யத்தின் லாபத்துக்காக அளந்தார் என்பது வேறு வழக்கு. நீளத்தை உஷ்ணத்திலிருந்து பிரித்து ஒருபோதும் எழுதாத அந்த ஒழுக்கம் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

நியாய சாஸ்திரக்காரர்கள் உவமானத்தை ஒரு பிரமாணமாக, அறிவுக்கு ஒரு வழியாக, ஏற்றுக்கொண்டவர்கள். அவர்கள் சொல்லும் உதாரணம் பிரசித்தம்; மணிமேகலையில் சமயக் கணக்கர்கள் பேசும் காதையிலும் கவயத்தைப் பசுவோடு ஒப்பிடும் அந்த உவமை வருகிறது. கவயத்தைப் பார்த்தறியாத ஒருவனிடம், அது ஊர்ப் பசுவைப் போல இருக்கும் என்று சொல்கிறார்கள். நையாயிகர்கள் இதோடு நிறுத்துவதில்லை என்பதைத்தான் நான் கவனிக்கச் சொல்கிறேன். கேட்டவன் காட்டுக்குப் போகிறான். பசுவைப் போன்ற மிருகத்தைக் கண்ணால் பார்க்கிறான். கேட்டது ஞாபகம் வருகிறது. கவயம் என்ற பெயர் இதற்குத்தான் என்று அறிகிறான். அங்கேதான் உவமானம் அறிவாகிறது. காட்டுக்குப் போகாதவனிடம் இருப்பது அறிவு அல்ல, ஒரு வாக்கியம். ஊரில் உட்கார்ந்துகொண்டு, பசுவைக் கறந்து பார்த்து, கவயம் எவ்வளவு பால் கொடுக்கும் என்று சொல்கிறவனைப் பற்றி அவர்கள் எதுவும் எழுதி வைக்கவில்லை. அப்படி ஒருவன் வருவான் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்காது.

நம் இலக்கியச் சூழலில் அவன் வந்துவிட்டான். யதார்த்தவாதத்தைப் பற்றிப் பேசியவர்கள் நமக்கு ‘வகைமாதிரி’ என்ற சொல்லைத் தந்தார்கள். ஒரு பாத்திரம் தன் வர்க்கத்தின், தன் காலத்தின் மாதிரியாக நிற்க வேண்டும் என்று. நல்ல சொல்தான்; அதனால் நாம் பார்த்தவையும் உண்டு. பிறகு அமைப்பியல் வந்தது, அதற்குப் பின் வேறு வந்தன. ஒவ்வொன்றும் எங்கோ ஓர் அறையில், ஒரு குறிப்பிட்ட உஷ்ணத்தில் செய்யப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு நாவலை வைத்தோ, ருஷ்ய நாடோடிக் கதையை வைத்தோ அளந்து சரிபார்க்கப்பட்டது. செய்தவர்களுக்கு அது எந்த அறை என்று தெரியும்; பல சமயம் அதை வேறு இடத்தில் எழுதியும் இருக்கிறார்கள். நமக்கு வந்து சேர்ந்தது மாதிரி மட்டும். அதை ஒரு தமிழ்க் கதையின்மேல் வைக்கிறோம். மாதிரி மௌனமாக இருந்தால் இந்தக் கதையில் ஒன்றுமில்லை என்று முடிவு கட்டுகிறோம். நேர்க்கோடு. மாதிரி பதில் சொன்னால் பரவசப்பட்டுக் கட்டுரை எழுதுகிறோம். சாயும் கோடு. அந்தப் பதில் கதையிலிருந்து வந்ததா, எல்லாவற்றையும் எடுத்துவிட்ட பின் மாதிரிக்குள் மிஞ்சிய இரண்டு மூன்று சூத்திரங்களிலிருந்து வந்ததா என்று பார்ப்பதில்லை. தவறான காரணத்திலிருந்து பிறந்த நம்பத்தகுந்த விமர்சனம் நம் பத்திரிகைகளில் நிறைய இருக்கிறது. அது சில சமயம் சரியாகவும் இருந்துவிடுகிறது.

ஒரு படைப்பின் மதிப்பு, அதன் இனத்தோடு கழித்த பின் மிஞ்சுவதில் இருக்கிறது என்று நம்புகிறவன் நான். ஒரே காலத்தில், ஒரே மண்ணில், பக்கத்தில் பக்கத்தில் இருந்து எழுதிய இருவர் ஒன்றாகவே இருக்க வேண்டும். மாதிரிப்படி வித்தியாசம் பூஜ்யம். ஆனால் ஏதோ மிஞ்சுகிறது. எந்தப் பக்கம், எவ்வளவு என்று முன்கூட்டிச் சொல்ல முடியாத மிச்சம். சிப்பில் அதைப் பிழை என்கிறோம், எழுத்தில் அதற்காகத்தான் படிக்கிறோம். இரண்டிலும் அதை அறிய ஒரே வழிதான்: எடுத்து வைத்துச் சூடு காட்டி, குளிர வைத்து, இந்த ஒன்றைப் பொறுமையாக அளப்பது.

மாதிரியைச் செய்கிறவன் அது எங்கே முடிகிறது என்று சொல்லக் கடமைப்பட்டவன். இதை யாரும் மறுக்க மாட்டார்கள். முடிகிற இடத்துக்கு அப்பால் கேள்வி வந்தால் பதில் வராதபடி செய்யவும் கடமைப்பட்டவன் என்று நான் சொல்வேன். தெரியாது என்று சொல்லத் தெரிந்த நிரலை எழுதுவது இயலாத காரியமல்ல. கைக்குக் கை கொடுக்கிறவர்கள் மாதிரியோடு அதன் உஷ்ணத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும், லாம்டன் ஒவ்வொரு சங்கிலிக்கும் எழுதியதுபோல. கடைசியில் பயன்படுத்துகிறவன் மலை ஏறிப் பார்க்க வேண்டும். இந்த மூவரில் யார் தவறினாலும் அதன் பலன் நாலாவது ஆளுக்குப் போகிறது. அந்த ஆள், அதிகாலையில் வாழவந்தி நாட்டின் ஏதோ ஒரு சிற்றூரில் குளிர்ப்பெட்டியைத் திறந்து, முள் காட்டும் எண்ணைப் பார்த்து, சரி என்று மருந்தை எடுக்கிறாள். 27 என்ற எண்ணை அவள் கேள்விப்பட்டதில்லை. பெர்க்லியும் 1974ம் அவளுக்குத் தெரிய நியாயமில்லை. மாதிரியிடம் கேள்வி கேட்ட எவரும் அவளிடம் எதுவும் கேட்டிருக்கவில்லை.